சேவலாகிப் போன குதிரை

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கிட்ட. அந்த மின்விசிறி போடுகிற சத்தத்தில் பாதிக் கதை காற்றோடு போய்விடும், நிறுத்திவிட்டு வாங்க. வேர்த்தால் வேர்க்கட்டும். இன்றைக்கு ஒரு வண்டிக் கதை வைத்திருக்கிறேன் உங்களுக்கு. ஒரே வயிற்றில் பிறந்து மூன்று பெயர் வைத்துக்கொண்ட வண்டி. அதை நம்பி மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட இரண்டு ஆம்பளைகள். நடுவில் மாட்டிக்கொண்ட தனக்கொடி. சிரிப்பு வந்தால் அடக்காதீங்க. அவளும் அடக்கவில்லை.

தனக்கொடிக்கு ரெட்டியார்பாளையத்தில் வீடு. புருஷன் நாராயணசாமி, விசேஷங்களுக்குப் பந்தலும் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். அவளுடைய ஒரே தம்பி அம்மாவாசை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் இருந்தான். விடிகிறதற்கு முன்னே பெரிய மார்க்கெட்டில் காய்கறி எடுத்து ஓட்டல்களுக்குப் போடுவது அவன் தொழில். மாமாவும் மச்சானும் அப்போதெல்லாம் அவ்வளவு ஒட்டு. ஒருத்தருக்குப் பல்வலி என்றால் இன்னொருத்தர் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் இரண்டு பேரும் மரக்காணத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு ஒரே பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காலாப்பட்டுப் பக்கம் டீ குடிக்க நிறுத்தினால், கடை வாசலில் ஒரு வேன் நிற்கிறது. வேனா அது, வேஷம் கட்டின கூத்தாடியா! மேலிருந்து கீழே வரை கறுப்பும் வெள்ளையுமாய் நெளிநெளியாக ஸ்டிக்கர். மூக்கிலும் பேர் இல்லை, முதுகிலும் பேர் இல்லை. புது வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்கும்போது வேறு கம்பெனிக்காரன் சாடையைத் திருடிவிடக் கூடாது என்று இப்படி மூடி ஓட்டுவார்களாம். திருடுகிற அளவுக்கு அதில் என்ன கிடந்தது என்று பிறகு சொல்கிறேன்.

டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தள்ளித் திறக்கிற பக்கக் கதவு. தாழ்வான தரை.

"மாமா, உங்க பிரியாணி அண்டா நிமிர்ந்தாப்புலயே ஏறும் போல இருக்குதே!"

"உன் தக்காளிப் பொட்டி ஒண்ணும் நசுங்காது மச்சான். பாரேன் உயரத்த."

"வந்தா இதத்தான் வாங்கறோம். ஆளுக்கு ஒண்ணு."

வண்டி ஓட்டி வந்தவர், "கண்ணாடியில கை வெக்காதீங்க சார்" என்று விரட்டினார். விரட்டினாலும் போகவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் அதே பேச்சு.

"வண்டிக்குப் பேரு என்னா?" என்று கேட்டாள் தனக்கொடி.

"பேரு இன்னும் வெக்கல."

"பேரு கூட வெக்காத புள்ளைக்கு ரெண்டு பேரும் பொண்ணு குடுக்க முடிவு பண்ணிட்டீங்களா? நல்லா இருக்குது."

இந்த இடத்தில் அந்தக் கம்பெனிக்காரர்களின் யோக்கியதையைக் கொஞ்சம் கேளுங்க. மூன்று கம்பெனிகள். மூன்றுக்கும் சின்ன வேன் விற்க ஆசை. தனியாக உட்கார்ந்து ஒன்றைச் செய்ய ஒருத்தருக்கும் துப்பில்லை. அதனால் கூட்டுச் சேர்ந்து நம்ம ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டு, ஒரே வண்டியைச் செய்தார்கள். வருஷக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசினார்களாம். எதைப் பற்றி? பிரேக்கைப் பற்றியா, கதவுக் கொக்கியைப் பற்றியா? அதெல்லாம் டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. மூக்கில் எந்தப் பொம்மையை ஒட்டுவது, அது எவ்வளவு பளபளக்க வேண்டும் என்றுதான் மிச்சப் பேச்செல்லாம். கடைசியில் என்ன ஆயிற்று? வண்டி கொட்டகை வாசலுக்கு வரும். குதிரைப் பொம்மையை ஒட்டினால் அது 'ஷெவால்'. தோள் தட்டுகிற பயில்வானை ஒட்டினால் 'மல்லன்'. சூரியனை ஒட்டினால் 'ஆர்க்கா'. குளிக்காமல் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து, நான் அவன் இல்லை என்று நிற்கிற ஆள் மாதிரி. இதற்குத்தான் அத்தனை ஸ்டிக்கர், அத்தனை மூடல்.

வண்டி விற்பனைக்கு வந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு கடைக்கு வாங்கப் போனார்கள். ஷெவால் கடையில் கண்ணாடிக் கதவு. டை கட்டின ஆள் கேக் கொடுத்து, "பாரிஸ்ல வரைஞ்ச வண்டி சார் இது. ஷெவால்னா பிரெஞ்சுல குதிரை" என்றான். நாராயணசாமி மயங்கிவிட்டார். பிறந்தது முதல் பாண்டிச்சேரியில் இருந்தும் அவர் வாயில் ஒரு பிரெஞ்சு வார்த்தை நுழைந்ததில்லை. அவர் அப்பா மில் தொழிலாளி; சங்கு ஊதினால் ஓடுகிற பாஷைதான் அந்த வீட்டில் தெரியும். அன்றைக்கு வாயில் விழுந்த அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, ஏதோ தாத்தா காலத்திலிருந்து துரை வீட்டில் விருந்து சாப்பிட்டவர் மாதிரி ஆகிவிட்டார்.

மல்லன் கடையில் கேசரி. வேட்டி கட்டின ஆள், "நம்ம மண்ணுல வெளஞ்ச வண்டிண்ணே. நம்ம ரோட்டுக்கு, நம்ம பள்ளத்துக்கு" என்றான். அம்மாவாசை நெஞ்சைத் தட்டிக்கொண்டு சாவியை வாங்கினான்.

இரண்டு வண்டிகளும் தனக்கொடி வீட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அங்கேதான் பிடித்தது வினை.

"அன்னிக்கு டீக்கடையில நாம பாத்தது இதான் மச்சான்" என்று தன் வண்டியைத் தட்டினார் நாராயணசாமி.

"இல்ல மாமா, நாம பாத்தது என்னுது. உங்களுது வேற ஏதோ."

"வேற ஏதோவா? டேய், பாரிஸ்டா இது!"

"அப்ப அங்கயே ஓட்டுங்களேன். இங்க நெல்லித்தோப்புப் பள்ளத்துல ஏன் எறக்கறீங்க?"

தனக்கொடி இரண்டு வண்டியின் பக்கக் கதவையும் தள்ளிப் பார்த்தாள். முதல் கதவு பாதியில் நின்று, கொக்கி அவள் மோதிர விரலை நறுக்கென்று கடித்தது. இரண்டாவது கதவும் அதே பாதியில் நின்று அதே விரலைக் கடித்தது.

"யோவ், ரெண்டும் ஒரே எடத்துல கடிக்குதுய்யா" என்றாள் விரலைச் சப்பிக்கொண்டே. "ஒரே வண்டிதான் போல."

இரண்டு பேரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு நிமிஷம் ஒன்றாகிவிட்டார்கள். "உனக்கு என்னா தெரியும் வண்டியப் பத்தி?" என்று புருஷன். "நீ போய் காப்பி போடுக்கா" என்று தம்பி. அவள் போட்டாள். சர்க்கரை போடவில்லை.

இது சாதாரண வீம்பாகவே போயிருக்கும். அதைக் கெடுத்தது ஓவியர் தமிழ்மாறன்.

தமிழ்மாறன் கடைப் பலகையும் வண்டிப் பலகையும் எழுதுகிறவர். தனித்தமிழ்ப் பற்று அவருக்கு. நல்ல பற்றுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஷ, ஜ, ஹ என்று எந்த எழுத்தையும் அவர் தூரிகை தொடாது. கேட்டால், "அது நம்ம எழுத்தில்லைங்க" என்பார். ரஜினி ரசிகர் மன்றத்துக்கே 'இரசினி' என்று எழுதிக் கொடுத்து அடி வாங்கினவர். அவரிடம் போய் நாராயணசாமி, "வண்டி முதுகுல ஷெவால்னு தமிழ்ல பெரிசா எழுதி, கீழ அந்தப் பிராணிய வரைஞ்சிருப்பா" என்று சொல்லிவிட்டு, வண்டியையும் விட்டுவிட்டுப் பந்தல் வேலைக்குப் போய்விட்டார்.

'குதிரை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைச் சொன்னால் பிரெஞ்சுப் பவுசு குறைந்துவிடுமாம்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வண்டியின் பின்கதவு முழுக்க 'சேவல்'. அதன் கீழே சிவந்த கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, வால் வளைய, நெஞ்சு நிமிர்ந்து ஒரு சேவல். உயிரோடு இருந்தால் இறங்கி வந்து கொத்தும்; அப்படி வரைந்திருந்தார்.

"என்னாய்யா இது!"

"சேவல். நீங்க சொன்னதுதான். ஷெ எழுத மாட்டேன், அதைத் தமிழாக்கினா சே. வாலை வல்லாக்கிட்டேன், அதுதானே சரியான சொல்லு? கொண்டை எப்படி வந்திருக்குது பாத்தீங்களா?"

"குதிரைய்யா அது! குதிரை!"

"குதிரைன்னா குதிரைன்னு சொல்லணும். இது என்ன கேள்வி."

அழித்துவிடலாம் என்றுதான் மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்தார். அதற்குள் பாத்திரம் வாடகைக்குக் கேட்டு வந்த இரண்டு வீட்டுக்காரர்கள், "அந்தச் சேவல் வண்டிக்காரர் வீடு எதுன்னு கேட்டோம், டக்குனு காட்டிட்டாங்க" என்றார்கள். வேலை வருகிற இடத்தில் துடைக்க மனசு வருமா? துணியை மடித்து வைத்துவிட்டார். சேவல் தங்கிவிட்டது. யாராவது வாய்விட்டுச் 'சேவல்' என்றால் மட்டும் எகிறுவார். "ஷெவால். ஷெ-வால்" என்று உதட்டைக் குவித்துக் காட்டுவார். தனக்கொடி அந்தக் குவிந்த உதட்டைப் பார்த்து, விளக்கை ஊதி அணைக்கிறாரோ என்று நினைப்பாள்.

அம்மாவாசைக்கு இது போதாதா? தனக்கொடியின் மகள் இனியாவின் நிச்சயதார்த்தத்தன்று பாத்திரம் ஏற்றின சேவல் வண்டி தெருவில் திரும்பியதும், சபை நடுவில் எழுந்து நின்று, கையை வாயில் வைத்து, "கொக்கரக்கோ!" என்று கூவினான். மாப்பிள்ளை வீட்டார் வில்லியனூர்க்காரர்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் தாம்பூலம் சிதறியது.

நாராயணசாமி முகம் சேவல் கொண்டை ஆயிற்று. "எம் பொண்ணு கல்யாணத்துல, என் வண்டிப் பேர ஒழுங்கா சொல்றவன்தான் மண்டபத்துக்குள்ள வரலாம்" என்றார்.

"அந்தச் சேவல் நிக்கற வாசல்ல என் காலு படாது" என்றான் அம்மாவாசை.

வார்த்தை விழுந்துவிட்டது. உங்களுக்குத் தெரியும், அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் தாய்மாமன் வந்து பொண்ணு நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பொண்ணு மணையேறும். தனக்கொடிக்கு இருப்பது ஒரே தம்பி. இனியாவுக்கு இருப்பது ஒரே மாமன். நடந்து பழகியது அவன் விரலைப் பிடித்துத்தான். மாமன் இல்லாமல் சபையில் உட்கார்ந்தால், பொண்ணுக்கு ஆளில்லையோ என்று ஊர் கேட்கும். அதைவிட, இனியாவே ஒருநாள், "மாமா வருவாரில்லம்மா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள். அதுதான் தனக்கொடியைக் குத்தியது.

அரியாங்குப்பத்துக்குப் போனாள். கெஞ்சவில்லை.

"உங்கப்பன் இருந்திருந்தா, ஒரு தகர டப்பாவுக்காகவா அக்கா பொண்ண அம்போன்னு வுட்டேன்னு கேட்டுச் செருப்பக் கழட்டியிருப்பாரு. அவரு இல்ல. என் செருப்பு புதுசு, வீணாக்க மனசில்ல" என்றாள்.

அம்மாவாசை தலையைச் சொறிந்தான். "வரேங்க்கா. மல்லன்ல சீரோட வருவேன். பட்டம் கட்டுவேன். தண்ணி கூடக் குடிக்காம திரும்பிடுவேன். அந்த வண்டிப் பேர மட்டும் சொல்லச் சொல்லாத."

"தண்ணி குடிக்காட்டி உனக்குத்தான் தொண்டை காயும். வந்து சேரு."

கல்யாணத்தன்று காலை. ரெட்டியார்பாளையத்து மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார், முகூர்த்தம் நெருங்குகிறது, மாமனைக் காணோம். தனக்கொடி வாசலுக்கும் மணமேடைக்கும் நடந்த நடையில் பட்டுப்புடவைக் கரை மண்ணாகிவிட்டது. அப்போது தம்பி பெண்டாட்டி மாலாவிடமிருந்து போன்.

"அண்ணி, அரியாங்குப்பம் பாலத்து மேல நிக்கறோம். கிளச்சு கேபிள் அறுந்துபோச்சு. மெக்கானிக் வந்துட்டாரு, மல்லன் கடை இன்னிக்கு லீவாம், கேபிள் இல்லங்கறாரு."

"ஆட்டோ பிடிச்சு வாங்கடி!"

"அத நாங் கேக்காமலா இருப்பேன்? மாமன் சீரு ஆட்டோவுல போவுமான்னு கத்தறாரு அண்ணி. நடு பாலத்துல மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கறாரு. காத்துல அதுவும் நிக்க மாட்டேங்குது."

தனக்கொடி புருஷனிடம் போனாள். "வண்டிய எடுங்க. தம்பியக் கூட்டிக்கிட்டு வரணும்."

நாராயணசாமி சட்டைக் காலரை நிமிர்த்தினார். "எடுக்கறேன். முதல்ல போன்ல ஒரே ஒரு வாட்டி ஷெவால்னு சொல்லட்டும்."

சுற்றி நின்றவர்களுக்குக் கேட்காதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் அவள்: "பொண்ணு மணையில குந்தப்போறது மாமன் கட்டற பட்டத்தோடயா, உங்க குதிரை வாலோடயா? இப்ப எடுக்கலன்னா, நானே மேடையேறி மைக்கப் புடிச்சு, ஏன் முகூர்த்தம் தள்ளுதுன்னு வில்லியனூருக்கே கேக்கற மாதிரி சொல்லுவேன்."

வண்டி கிளம்பியது, தனக்கொடியும் ஏறிக்கொண்டாள்.

பாலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. ஓரமாக மல்லன், மூக்கைத் திறந்தபடி. அதன் மேல் கவிழ்ந்திருந்தார் மெக்கானிக் பாவாடை. சேவல் வண்டி எதிரில் வந்து மூக்கோடு மூக்காக நின்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே, இந்தக் கேபிள் உங்களுதுலயும் இதேதான். தொறங்க, பாப்போம்."

"குதிரைப் பாகம் எதுவும் என் மல்லன்ல ஏறாது" என்றான் அம்மாவாசை வானத்தைப் பார்த்து.

"நான் குடுத்தாத்தானே ஏறும்" என்றார் நாராயணசாமி ஆற்றைப் பார்த்து.

பாவாடை யாரையும் கேட்கவில்லை. இரண்டாவது மூடியையும் தூக்கி முட்டுக் கொடுத்தார். இரண்டு வண்டிகளும் வாயைப் பிளந்து நின்றன, பல் மருத்துவரிடம் வந்த அண்ணன் தம்பி மாதிரி. தனக்கொடி எட்டிப் பார்த்தாள். அதே பெட்டி, அதே குழாய், அதே இடத்தில் அதே நீலத் தொப்பி. அது மட்டுமா? மல்லனுக்குள்ளே இருந்த பேட்டரி மூடியில் குதிரை முத்திரை. ஷெவாலுக்குள்ளே இருந்த தண்ணீர் டப்பாவில் தோள் தட்டுகிற பயில்வான். கொட்டகையில் கைக்கு வந்ததை எடுத்து மாட்டியிருக்கிறார்கள், கவனிக்கக் கூட மெனக்கெடவில்லை.

இரண்டு பேரும் பார்த்தார்கள். இப்போது வெட்கப்படுவார்கள் என்றுதானே நினைக்கிறீங்க? நீங்க நல்லவங்க, அப்படித்தான் நினைப்பீங்க.

"பாத்தியா, எங்க வண்டியப் பாத்துக் காப்பியடிச்சிருக்கறான் உங்காளு" என்றார் நாராயணசாமி.

"யாரு? நீங்கதான் எங்க டப்பாவத் திருடி வெச்சிருக்கறீங்க!"

தனக்கொடிக்கு அப்போது கோபம் கூட வரவில்லை. அழுகிப்போன கத்திரிக்காயை முறத்திலிருந்து ஒதுக்குகிற மாதிரி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். பாவாடை கையிலிருந்த திருப்புளியை வாங்கினாள். மல்லன் மூக்கில் பயில்வானுக்கு அடியில் விட்டு நெம்பினாள், டக்கென்று வந்துவிட்டான். பளபளப்பு முன்னால் மட்டும்தான், பின்னால் வெறும் பிளாஸ்டிக்கு. அப்படியே திரும்பி, குதிரையையும் நெம்பி எடுத்தாள். இரண்டையும் முந்தானையில் முடிந்தாள்.

"அடியே, அது..."

"அக்கா, என்னுது..."

"வாய மூடுங்க ரெண்டு பேரும். இப்ப பாருங்க. மூக்குல பேரு இருக்குதா? இல்ல. அன்னிக்கு டீக்கடையில பேரில்லாத வண்டியப் பாத்து வாயப் பொளந்தீங்களே, அந்த வண்டி இதான். ஒண்ணு ஓடலை, ஒண்ணு ஓடுது. ஓடறதுல ஏறு. மாலா, தட்டெல்லாம் மாத்து!"

பழத் தட்டு, பூத் தட்டு, புடவைத் தட்டு எல்லாம் மாறியது. பட்டம் இருந்த சின்ன வெள்ளித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவாசை பின்னால் ஏறினான். பின்கதவுச் சேவலைப் பார்க்காமல் ஏறுவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். முட்டியில் இடித்துக்கொண்டான். மாலா சிரித்தாள்.

மண்டப வாசலில் வண்டி திரும்பி நின்றது. மேளம் கொட்டியது. வரிசைத் தட்டு எடுக்க வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா பிரேம்குமார் நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சங்கிலி. அவர் பக்கத்தில் பூ கட்டி நின்றது அவருடைய புது ஆர்க்கா. பின்கதவைப் பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, மாமன் சீரு சேவல் வண்டியில வருது! நல்லவேளை, முட்டை போடல. பொண்ணு மாப்பிள்ளைய எங்க ஆர்க்காவுல கூட்டிக்கிட்டுப் போறோம், ராக்கெட்டுக்குப் போடற இரும்புல செஞ்சது."

நாராயணசாமி காலையில் நிமிர்த்தின சட்டைக் காலரைக் கீழே மடக்கினார். தனக்கொடி தம்பியைப் பார்த்தாள். வந்த தம்பி இப்படியே திரும்பிவிடுவானோ, இல்லை, அவனும் சேர்ந்து கூவிவிடுவானோ?

அம்மாவாசை வெள்ளித் தட்டோடு இறங்கினான். பிரேம்குமார் எதிரில் போய் நின்றான்.

"சேவல் இல்லீங்க" என்றான். உதட்டைக் குவித்தான். "ஷெவால். பிரெஞ்சு. குதிரைன்னு அர்த்தம். பாண்டிச்சேரிக்காரங்களுக்குத்தான் புரியும். பாரிஸ்ல வரைஞ்ச வண்டி. எங்க மாமா வண்டி."

"ஆமா" என்றார் நாராயணசாமி, காலரை மறுபடி நிமிர்த்தி. "எங்க மச்சான் வண்டி மல்லன். அதுவும் லேசுப்பட்டது இல்ல. இந்த ஆர்க்கா கீர்க்கா எல்லாம் எங்களுக்கு எந்த மூலைக்கு?"

"தகரம் மாமா. பாத்தாலே தெரியுது."

"பெயிண்டே சரியில்ல மச்சான்."

இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு, ஆர்க்காவை ஏற இறங்கப் பார்த்து, ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். திருந்தினார்களா? எங்கே! துப்புவதற்கு மூன்றாவது ஆள் கிடைத்தான், அவ்வளவுதான். தனக்கொடிக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், மாமன் பட்டம் கட்டியபோது, இனியா நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்த ஒரு சிரிப்புக்காக, அந்த இரண்டு மடையர்களையும் மன்னித்தாள். ஒரு நாளைக்கு மட்டும். அம்மாவாசை தண்ணீரும் குடித்தான், மூன்று பந்தியிலும் உட்கார்ந்தான்.

சாயங்காலம் பொண்ணையும் மாப்பிள்ளையையும் வழியனுப்பினார்கள். இனியாவின் சேலைத் தலைப்பு ஆர்க்காவின் கதவில் மாட்டியிருந்தது. எடுத்துவிடத் தனக்கொடி கதவைத் தள்ளினாள். பாதியில் நின்றது. நறுக்! அதே மோதிர விரல்.

மகளைப் பிரிகிற நேரத்தில் அம்மாக்காரி விழுந்து விழுந்து சிரித்ததை வில்லியனூர்க்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். பாசத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், போய் காப்பி போடு என்பார்கள்.

அந்தப் பயில்வானும் குதிரையும் எங்கே என்கிறீங்களா? மாமாவும் மச்சானும் எவ்வளவோ கேட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. மாடியில் வடகம் காயப்போடும்போது கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறாள். வெயிலில் நல்லா மின்னுது, காக்கா கிட்ட வரமாட்டேங்குது. கம்பெனிக்காரர்கள் அத்தனை வருஷம் கூடிப் பேசினதற்கு அந்த மட்டில் ஒரு பிரயோஜனம்.

சரி, எழுந்திருங்க, மின்விசிறியைப் போட்டுக்குங்க, என் செல்லங்களா, எவ்வளவு வேர்த்திருக்கிறது பாருங்க! உங்க வீட்டில் கல்யாணம் கூடினால் மாமன் முதல் ஆளாக வந்து வாசலில் நிற்கட்டும். உங்க வீட்டு ஆம்பளைகளுக்கு வீம்பு குறைஞ்சு ஆயுசு நீளட்டும். நீங்க வாங்கின வண்டி, பேர் எதுவானாலும், போன இடத்திலிருந்து உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உங்க வீட்டுக் கதவு வருகிறவர்களுக்கெல்லாம் முழுசாகத் திறக்கட்டும், ஒருத்தர் விரலையும் கடிக்காமல்.